எழுதாது விட்ட அரை மணித்தியாலம்

கலியாணப் பேச்சுத் தொடங்கிய வீட்டிலே பழைய கடதாசிகளுக்கு உயிர் வந்துவிடும். பெட்டியின் அடியிற் கிடந்த சாதகக் கொப்பி மேசைக்கு வரும். மங்கிப்போன மையெழுத்தைப் பலரும் கண்ணாடி மாற்றி மாற்றி வாசிப்பர். அண்மையில் எமது அயல்வீடொன்றில் அவ்வாறு வெளிவந்தது ஒரு நாட்காட்டித் தாளின் துண்டு. அதன் பின்புறத்திலே பெண்ணின் தாயார் தம் கையால் எழுதி வைத்தது ஒரே வரி: 12/7/98, காலை 6.10.

பெண்ணின் தமையன் கணினி கற்கும் மாணவன். அவன் அவ்வரியைச் சாதகம் கணிக்கும் இணையத்தளம் ஒன்றிற் கொடுத்துப் பார்த்தான். பெண் ஞாயிற்றுக்கிழமை, சூரியன் உதித்த பின்னர்ப் பிறந்தவள் என்றது அது. மாப்பிள்ளை வீட்டார் அதே வரியை இன்னொரு தளத்திற் கொடுத்தனர். அவள் சூரியன் உதிக்குமுன் பிறந்தவள், ஆகவே பஞ்சாங்க முறைப்படி நாள் இன்னும் சனிக்கிழமையே என்றது அது. மூன்றாவது தளமோ, அவள் டிசெம்பர் மாதம் 7ஆம் திகதி திங்கட்கிழமை பிறந்தவள் என்று கூறி, ஏறக்குறைய ஐந்து மாதம் அவளை இளையவளாக்கிவிட்டது!

"இயந்திரம் கணக்குப் பிழைக்காது என்றாயே தம்பி, இப்பொழுது மூன்றிலே எதை நம்புவது?" என்று தந்தையார் கேட்க, மறுமொழி சொல்ல வகையறியாது அப்பையன் அன்று மாலை எம்மிடம் வந்தான்.

சோதிடத்தை நம்புவோர் நம்புக, நம்பாதோர் விடுக. அவ்வழக்கை இங்கு நாம் எடுக்கவில்லை. ஒரே வரியை மூன்று இயந்திரங்கள் மூன்று விதமாக வாசித்தமைக்குக் காரணம் யாது என்பதே கேள்வி. அதே வரி ஒரு பல்கலைக்கழக விண்ணப்பத்தின் இறுதி நாளாகவோ, ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்கவேண்டிய நேரமாகவோ இருந்திருப்பின் என்னாகும் என்று எண்ணிப் பார்த்தால், இது சாதகக் கொப்பியோடு முடியும் காரியம் அன்று என்பது விளங்கும்.

இயந்திரம் காலத்தை எண்ணும் விதம்

இணையப் பக்கங்களை ஆக்குவதற்கு வழங்கும் கணினி மொழிகளுள் ஒன்று பி.எச்.பி. என்பது. கிறீன்லாந்தில் பிறந்தவரான ராஸ்மஸ் லேர்டோர்வ் என்பவர், தமது சொந்த இணையப் பக்கத்தைப் பேணுதற்கென எழுதிய சிறு கருவிகளை 1995ஆம் ஆண்டில் எவரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார். அதுவே அம்மொழியின் தொடக்கம். நம் மாணவர் நாள்தோறும் புரட்டும் விக்கிப்பீடியாவை நடத்தும் மென்பொருளும் இம்மொழியிலேதான் எழுதப்பட்டுள்ளது.

இம்மொழி காலத்தை எவ்வாறு மனத்தில் வைத்துக்கொள்கிறது? மிக எளிய முறையில். 1970ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி, கிரீனிச் நேரப்படி நள்ளிரவைச் சுழியம் என்று கொண்டு, அன்றுதொட்டுக் கழிந்த செக்கன்களை அது எண்ணுகின்றது. அவ்வெண்ணிலே மாதம் இல்லை, கிழமை இல்லை, முற்பகல் பிற்பகல் என்னும் பேதம் இல்லை. கொழும்பிலிருப்பவனுக்கும் தொறொன்ரோவிலிருப்பவனுக்கும் ஒரு கணத்துக்கு ஒரே எண்தான். அவ்வெண் சுழியமாயிருந்த கணத்தில் நமது நாட்டு மணிக்கூடுகள் காலை ஐந்தரை மணியைக் காட்டின. கணம் ஒன்றே, காட்சி வேறு.

ஆகவே காலம் என்பது ஒன்று. அதை எழுதிக் காட்டும் உரு என்பது மற்றொன்று. எண் உடல் போன்றது. நாம் வாசிக்கும் திகதி அதற்கு உடுத்திய உடை போன்றது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கும் இடத்திலேதான் வில்லங்கம் தொடங்குகின்றது.

எழுத்துக்களால் உடுத்தும் உடை

எண்ணுக்கு உடை உடுத்துவதற்கு இம்மொழியில் ஒரு சிறு ஏவல் உண்டு. எந்தப் பகுதி எங்கே வரவேண்டும் என்பதை ஆங்கில எழுத்துக்களால் அதற்குச் சொல்லவேண்டும். பெரிய 'வை' எழுதினால் ஆண்டு நான்கு இலக்கத்தில் வரும். சிறிய 'வை' எழுதினால் இரண்டே இலக்கம். சிறிய 'எம்' மாதத்தை எண்ணாகத் தரும்; பெரிய 'எஃவ்' மாதத்தின் முழுப் பெயரைத் தரும். சிறிய 'டி' நாளைத் தரும். பெரிய 'எச்' இருபத்துநான்கு மணிக் கணக்கிலும், சிறிய 'எச்' பன்னிரண்டு மணிக் கணக்கிலும் மணியைத் தரும். சிறிய 'எச்' எழுதி, முற்பகல் பிற்பகல் காட்டும் எழுத்தை மறந்தவன், மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு ஊரைக் காலை ஆறு மணிக்கு அழைத்தவனாவான்.

இனி, நிமிடத்துக்கு எழுத்து யாது? ஆங்கிலத்தில் நிமிடம் என்னும் சொல் 'எம்' என்றே தொடங்குவதால், புதிதாகக் கற்போர் பலர் அங்கும் சிறிய 'எம்' எழுதிவிடுவர். அவ்வெழுத்தோ மாதத்துக்கு முன்னரே கொடுபட்டுவிட்டது. நிமிடத்துக்கு உரியது சிறிய 'ஐ'. மாறி எழுதினால் இயந்திரம் குறை கூறாது, சொன்னதைச் செய்யும். ஜூலை மாதம் முழுவதும் 6.07, 7.07, 8.07 என்று நிமிடம் ஏழாகவே நிற்கும். காண்பவர் கண்ணுக்கு அது நல்ல நேரமாகவே தோன்றும். அதனால் பிழை வெளிப்பட நாட்செல்லும். இயந்திரம் நின்றுவிடும் பிழையிலும், நேர் நின்று புன்னகைக்கும் பிழையே பொல்லாதது.

இவ்வேவல் மாதத்தின் பெயரை ஆங்கிலத்தில் மாத்திரமே தரவல்லது. தமிழிலே வேண்டுவோர்க்கு அம்மொழியில் வேறொரு கருவி உண்டு. உலக மொழிகள் பலவற்றின் மாதப் பெயர்களையும் கிழமைப் பெயர்களையும் அது கொண்டுள்ளது. தமிழ் என்று கேட்டால் பிப்ரவரி, ஆகஸ்ட், அக்டோபர் என்று தரும். பெப்ரவரி, ஓகஸ்ட், ஒக்டோபர் என்று எழுதிப் பழகிய நமக்கு அது கடல் கடந்து வந்த எழுத்தாகத் தோன்றலாம். ஆயினும் பொருள் மயக்கம் இல்லை. ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. அக்கருவியில் எழுத்துக்களின் பொருள் மாறிவிடும்: பெரிய 'எம்' மாதம், சிறிய 'எம்' நிமிடம். ஒரு வீட்டு வழக்கத்தை மறு வீட்டுக்குக் கொண்டுசெல்லும் மருமகள் படும் பாட்டை இங்கே மாணவர் படுவர்.

வாசிக்கும்பொழுது வரும் மயக்கம்

உடை உடுத்துவது ஒருபுறமாக, உடையைக் கண்டு ஆளை அறிவது அதிலும் கடினம். நமது தாயார் எழுதிய 12/7/98 என்பதை எடுத்துக்கொள்வோம். நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுவோம். அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவர். இம்மொழியோ குறியைப் பார்த்து முடிவு செய்கின்றது. எண்களுக்கு இடையே சாய்கோடு இருந்தால் அமெரிக்க முறை எனக் கொள்ளும். சிறுகோடு இட்டு ஆண்டையும் முழுதாக எழுதினால் நாள் முதலில் வரும் முறை எனக் கொள்ளும். 12/7/1998 என்றால் டிசெம்பர் 7; 12-7-1998 என்றால் ஜூலை 12. கோடு ஒன்று சாய்ந்தமையால் ஐந்து மாதம் சாய்ந்தது! மூன்றாவது தளம் பெண்ணை டிசெம்பரிற் பிறப்பித்த மாயம் இதுதான் என்று பையனுக்குச் சொன்னோம்.

ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதுவதும் இத்தகையதே. 70 முதல் 99 வரையுள்ள எண்களை இம்மொழி 1970 முதல் 1999 வரை எனக் கொள்ளும். 00 முதல் 69 வரையுள்ளவற்றை 2000 முதல் 2069 வரை எனக் கொள்ளும். ஆகவே '98 என்று எழுதிய பேத்தி பிழைத்தாள். '52 என்று எழுதிய பாட்டியாரோ 2052ஆம் ஆண்டில் இனிமேற்றான் பிறக்கவேண்டும்.

இம்மயக்கங்களுக்கு மருந்து நெடுநாளாகவே உண்டு. 1988ஆம் ஆண்டில் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் சர்வதேச நியமம், ஆண்டை நான்கு இலக்கத்தில் முதலிலும், பின்னர் மாதத்தையும், அதன்பின் நாளையும் எழுதச் சொல்கின்றது: 1998-07-12. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் இவ்வரிசையை எந்நாட்டாரும் மாறி வாசியார். மனிதர் வாசிக்கும் கடிதமாயின், மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுவதே போதும்; 12 ஜூலை 1998 என்பதை எவன் மயங்குவான்?

கொழும்பு மணிக்கூட்டின் கதை

"மூன்றாவது தளத்தின் பிழை விளங்கிற்று. முதலிரு தளங்களும் ஜூலை 12 என்றே வாசித்தன. ஆறு பத்து என்றே வாசித்தன. பிறகேன் ஒன்றுக்கு ஞாயிறும் மற்றதற்குச் சனியும்?" என்றான் பையன். நல்ல கேள்வி. அதற்கு மறுமொழி நமது நாட்டின் வரலாற்றிலே உளது.

1906ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையின் நேரம் கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியதாய் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், முதலில் அரை மணித்தியாலமும் பின்னர் மேலும் அரை மணித்தியாலமும் மணிக்கூடுகள் முன்தள்ளப்பட்டன; 1945இல் அவை பழைய நிலைக்கு மீண்டன. பின்னர் 1996இல் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்சாரம் அருகியபொழுது, பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தும் நோக்குடன் அரசாங்கம் மே மாதம் 25ஆம் திகதி நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. அதன்பின் 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி வரை, ஒன்பது ஆண்டுக்கு மேலாக, நாட்டின் நேரம் கிரீனிச்சுக்கு ஆறு மணித்தியாலம் முந்தியதாகவே நின்றது.

1998 ஜூலையில் வடபகுதியிற் சூரியன் உதித்தது பழைய நேரப்படி ஆறு மணிக்குச் சற்று முன்னர். புதிய நேரப்படி ஆறரைக்குச் சற்று முன்னர். ஆகவே ஆறு பத்து என்பது பழைய நேரமாயின் பொழுது விடிந்துவிட்டது. புதிய நேரமாயின் இன்னும் விடியவில்லை. இயந்திரத்தின் செக்கன் கணக்கிற் சொன்னால், பழைய நேரத்துக்குரிய எண் 900,204,000. புதிய நேரத்துக்குரிய எண் 900,202,200. வித்தியாசம் ஆயிரத்து எண்ணூறு செக்கன், அதாவது அரை மணித்தியாலம். ஓர் இராசி கீழ்வானில் உதித்து முடியச் சராசரி இரண்டு மணித்தியாலம் செல்லும். ஆகவே அரை மணித்தியாலப் பிழை ஏறக்குறைய நாலில் ஒருவர்க்கு இலக்கினத்தையே மாற்றிவிடும். 1996க்கும் 2006க்கும் இடையிற் பிறந்த பிள்ளைகள் இன்று கலியாண வயதை அடைந்துவரும் காலம் இது என்பதை எண்ணிக்கொள்க.

முதலாந் தளத்தை ஆக்கியவன், இலங்கை என்றால் ஐந்தரை மணித்தியாலம் என்று ஒரே எண்ணை எழுதி விட்டுவிட்டான். இரண்டாந் தளத்தை ஆக்கியவன் அப்படிச் செய்யாது, 'ஆசியா/கொழும்பு' என்னும் பெயரைக் கொடுத்தான். அப்பெயர் ஒரு பெரும் பட்டியலைச் சேர்ந்தது. உலகத்து நாடுகள் எவ்வெப்பொழுது தம் மணிக்கூடுகளை மாற்றின என்னும் வரலாற்றை, ஆர்தர் டேவிட் ஓல்சன் என்னும் அமெரிக்கரும் பல தொண்டர்களும் 1980களிலிருந்து தொகுத்து வந்தனர். இன்று உலகின் கணினிகளும் கைபேசிகளும் பெரும்பாலும் நேரம் அறிவது அப்பட்டியலைக் கொண்டே.

அதன் வரலாற்றிலே ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய ஆண்டுகளுக்கான தகவல்களிற் பெரும்பகுதி, பிறந்த நேரத்தைத் திட்டமாக அறியவேண்டிய சோதிடருக்கென வெளியிடப்பட்ட நூல்களிலிருந்தே பெறப்பட்டது. அதனைக் காரணமாகக் காட்டி, சோதிட மென்பொருள் விற்கும் அமெரிக்க நிறுவனமொன்று 2011இல் வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டிலே அதை விலக்கிக்கொண்டது. அவ்வமளியின் நடுவே பட்டியலைப் பேணும் பொறுப்பு, இணைய எண்களையும் பெயர்களையும் ஒதுக்கும் சர்வதேச அமைப்பிடம் சேர்ந்தது. சாதகமும் கணினியும் நாம் நினைப்பதிலும் நெருங்கிய உறவினர்!

தாயின் சாட்சி

இவ்வளவும் கேட்ட பையன், "ஆகவே இரண்டாந் தளமே சரி, தங்கை சனிக்கிழமைப் பிள்ளை" என்று தீர்ப்புக் கூறி எழுந்தான். நாமும் அவ்வாறே எண்ணினோம். வீட்டுக்குச் சென்று தந்தையாரிடம் அதைச் சொன்னபொழுது அவரும் தலையசைத்தார். அக்காலத்தில் அவர் கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர். அடுக்களை வாயிலில் நின்ற தாயார்தான் அதை ஏற்கவில்லை.

"பிள்ளை பிறந்தது புதுக்குடியிருப்பில். இடம்பெயர்ந்து போய் அங்கே இருந்தோம். அங்கே ஒருவரும் மணிக்கூட்டை மாற்றவில்லை. நான் எழுதியது எங்கள் நேரம்" என்றார் அவ்வம்மையார்.

உண்மை அதுவே. 1996இல் வந்த நேரமாற்றத்தை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் ஏற்கவில்லை. ஒரே தீவிலே, ஒரே கணத்தில், அரை மணித்தியாலம் வேறுபட்ட இரு நேரங்கள் வழங்கின. 2006இல் நாடு ஐந்தரை மணிக் கணக்குக்கு மீண்டபொழுதுதான் அவ்வேற்றுமை மறைந்தது. உலகப் பட்டியலிலோ இலங்கைக்கு ஒரே பெயர்தான் உளது; அது கொழும்பு. வன்னியிலே பிறந்த பிள்ளையின் நேரத்தை அப்பெயரால் வாசித்தால் அரை மணித்தியாலம் தவறும்.

எனவே முதலாந் தளம் அறியாமையினாற் சரியாயிற்று. இரண்டாந் தளம் அறிவினாற் பிழையாயிற்று. இதைக் கேட்டு, "அப்படியானால் அறியாமையே நன்று போலும்!" என்று மாணவர் எவரும் மகிழவேண்டாம். அதே ஆண்டிற் கொழும்பிற் பிறந்த பிள்ளைக்கு முதலாந் தளம் பிழைக்கும். குற்றம் இரண்டு தளங்களிலும் அன்று. அவ்வரியில் எழுதப்படாது விடப்பட்ட ஒன்றிலேதான் உளது. எந்த மணிக்கூடு என்பதை அவ்வரி சொல்லவில்லை. அதை அறிந்தவர் உலகிலே ஒரே ஒருவர். அவரை எவரும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று கேளுங்கள். 2006 ஏப்ரல் 15ஆம் திகதி அதிகாலை, மணிக்கூடுகள் பன்னிரண்டரையை எட்டியதும் மீண்டும் பன்னிரண்டுக்குத் திருப்பப்பட்டன. ஆகவே அன்று பன்னிரண்டு பத்து இருமுறை வந்தது. அந்நேரத்திற் பிறந்த பிள்ளையின் குறிப்பில் 'அதிகாலை 12.10' என்று மாத்திரம் இருந்தால், எந்தப் பன்னிரண்டு பத்து என்று எந்த இயந்திரமும் கண்டுசொல்ல இயலாது.

இதற்கும் மருந்து அந்தச் சர்வதேச நியமத்திலேயே உண்டு. நேரத்தை எழுதி, அதன் பக்கத்திலே கிரீனிச்சுக்கு எவ்வளவு முந்தியது என்பதையும் எழுதிவிட வேண்டும்: +05:30 அல்லது +06:00. பி.எச்.பி. மொழியிலே பெரிய 'பி' என்னும் எழுத்து அதைத் தரும். சிறிய 'சி' என்னும் ஓரெழுத்து, திகதி, நேரம், இடைவேறுபாடு யாவற்றையும் நியமப்படி ஒருங்கே தரும். ஓரெழுத்துச் சிக்கனம் பார்த்து அதை விட்டுவிடுவோர், பின்னொரு நாள் ஒரு குடும்பத்தின் மேசையைச் சுற்றி எத்தனை பேரை மயங்க வைக்கின்றனர் என்பதை அறியார்.

கணினி கற்கும் மாணவர்க்கு ஒரு சிறு பயிற்சி. செக்கன் கணக்கு நூறு கோடியை, அதாவது 1,000,000,000 என்னும் எண்ணை, எட்டிய கணத்தைக் கொழும்பு நேரத்தில் எழுதிக் காட்டும்படி உங்கள் நிரலைக் கேளுங்கள். 2001 செப்டெம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணி 46 நிமிடம் 40 செக்கன் என்று வந்தால், உங்கள் நிரல் நாட்டின் வரலாற்றை அறிந்தது. 7 மணி 16 நிமிடம் என்று வந்தால், எவரோ ஐந்தரை என்று எழுதிவிட்டு வரலாற்றை மறந்துவிட்டனர்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பத்தாண்டுகளிற் பிறந்த பிள்ளைகளின் குறிப்புகளை இன்றே எடுத்துப் பாருங்கள். அது பழைய நேரமா புதிய நேரமா, எந்த ஊரின் மணிக்கூடு என்பதை அறிந்தவர் இருக்கும்பொழுதே கேட்டு எழுதி வையுங்கள். நாளை அந்த அரை மணித்தியாலத்தைக் கேட்க ஆளிராது.

அயல்வீட்டில் அன்றிரவே அது நடந்தது. நாட்காட்டித் தாளின் அடியிலே, பழைய வரிக்குக் கீழ், தாயார் புதிய வரி ஒன்று எழுதினார்: 1998 ஜூலை 12, ஞாயிறு, காலை 6.10, பழைய நேரம், +05:30, புதுக்குடியிருப்பு. பையன் அதை மூன்று தளங்களுக்கும் ஏற்றவாறு கொடுத்தான். மூன்றும் ஒன்றையே சொல்லின. பொருத்தம் உண்டா இல்லையா என்பது இனிச் சாத்திரியார் பாடு.